300 பாரில் 40 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் ஒரே கரைதிறன்: கருவிக் கோளாறா, கணக்குக் கோளாறா?

கொருக்குப்பேட்டை லேப் | மே 14, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்காகக் கருஞ்சீரக எண்ணெய் சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடில் (வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் அழுத்தத்தில் அடர்ந்து நிற்கும் நிலை) எவ்வளவு கரைகிறது என்று அளக்கிறேன். அளந்ததை ஒரு சமன்பாட்டில் பொருத்த வேண்டும். விதை ஜார்ஜ் டவுன் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அரைத்துச் சலித்து 20 கிராம் போடுகிறேன். 50 மில்லி பாத்திரம், நிமிடத்துக்கு 10 கிராம் சி.ஓ.2, அரை மணிக்கு ஒருமுறை குப்பியை மாற்றி எடை. முதல் சில புள்ளிகளின் சாய்விலிருந்து கரைதிறன். லிட்டர் சி.ஓ.2-க்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் வந்தவை (பார் என்பது அழுத்த அலகு):

40 டிகிரி: 200 பாரில் 3.3, 300 பாரில் 5.3, 400 பாரில் 7.2
60 டிகிரி: 200 பாரில் 2.4, 300 பாரில் 5.4, 400 பாரில் 8.2

300 பார் வரிசையைப் பாருங்கள். 20 டிகிரி ஏற்றியும் எண் அசையவே இல்லை. எங்கள் வழிகாட்டி "தெர்மோகப்பிள் போய்விட்டது, பாத்திரம் சூடாகவே இல்லை, எல்லாவற்றையும் திரும்பச் செய்" என்று சொல்லிவிட்டார். மூன்று வார வேலை. இன்னொன்று, கரைதிறனை அடர்த்தியோடு இணைக்கும் கிராஸ்டில் சமன்பாட்டில் பொருத்தினால், அதிலுள்ள அடுக்கு எண் கே 6 வருகிறது. படித்த கட்டுரைகளில் எண்ணெய்களுக்கு 10-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

---

பழைய பாய்லர் | மே 14, பகல் 1.40

தம்பி, மணலிப் பக்கம் ஆலைகளில் முப்பது வருடம் பிரஷர் கேஜைப் பார்த்தே கழித்தவன் நான். சமன்பாடு எனக்கு வராது. ஆனால் தெர்மோகப்பிளைப் பழி சொல்வதற்கு முன்னால் அதைக் கழற்றி ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் வை, பிறகு கொதிக்கிற தண்ணீரில் வை. 0, 100 காட்டினால் அது நல்ல பிள்ளை. பத்து நிமிட வேலைக்காக மூன்று வார வேலையைத் தூக்கிப் போடாதே.

அப்புறம் ஒன்று. சிலிண்டர் எங்கே நிற்கிறது? ஏ.சி. அறையிலா, வெளி வராந்தாவிலா?

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 14, மாலை 5.05

ஐயா, ஐஸில் 0.3, கொதிநீரில் 99.6. நல்ல பிள்ளைதான். சிலிண்டர் வராந்தாவில். ஏன்?

---

பழைய பாய்லர் | மே 14, மாலை 6.30

நினைத்தேன். பதினோராம் வகுப்பில் ஆண்ட்ரூஸ் சோதனை படித்திருப்பாய். சி.ஓ.2-க்கு நிலைமாறு வெப்பநிலை, அதாவது அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, 31 டிகிரி சொச்சம், அழுத்தம் 74 பாருக்குக் கொஞ்சம் குறைவு. பாடப்புத்தகம் குளிர்ந்த நாட்டுக்காரன் எழுதியதுபோல "அறை வெப்பநிலையில் சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்" என்று சொல்லும். மே மாதத்துக் கொருக்குப்பேட்டை வராந்தா எத்தனை டிகிரி? 38, 39. உள்ளே திரவமே கிடையாது, தம்பி. சிலிண்டரே சூப்பர்கிரிட்டிக்கல் ஆகி நிற்கிறது. முழுச் சிலிண்டர் என்றால் அழுத்தம் 100 பாரைத் தொட்டுவிடும். உள்ளே குழாய் விட்ட சிலிண்டர், திரவம்தான் வரும் என்று நம்பிப் பம்பை ஓட்டினால், பம்பின் தலையைக் குளிரூட்டும் சில்லர் திணறும். பம்ப் காற்றை மெல்ல ஆரம்பிக்கும். நீ நிமிடத்துக்கு 10 கிராம் என்று பம்ப் திரையைப் பார்த்து எழுதுவாய், உள்ளே போவது 8 ஆக இருக்கும்.

சிலிண்டரை ஒரு பிளாட்பாரத் தராசில் ஏற்றி வை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார். அதுதான் உண்மையான சி.ஓ.2. பழைய பேப்பர் கடைத் தராசே போதும்.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 14, இரவு 9.22

பாய்லர் அண்ணே சொன்னது ரொம்பச் சரி. நான் இதே துறையில் பட்டம் வாங்கியவள், அதனால் மிச்சத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 300 பார். தம்பி, அது கோளாறே இல்லை. அந்த வரிசைக்காக உங்கள் தரவைக் கும்பிடலாம். வெப்பத்தை ஏற்றும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, சி.ஓ.2 விரிந்து அடர்த்தி குறைகிறது, கரைக்கும் வலு போகிறது. இன்னொன்று, எண்ணெயின் ஆவியழுத்தம் ஏறுகிறது, அது தானாகவே எழுந்துவரப் பார்க்கிறது. இரண்டுக்கும் இழுபறி. 200 பாரில் அடர்த்திக் கட்சி ஜெயிக்கும், அதனால் 60 டிகிரியில் குறைவாகக் கரையும். 400 பாரில் ஆவியழுத்தக் கட்சி ஜெயிக்கும், 60-இல் அதிகம் கரையும். நடுவில் எங்கோ இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? தாவர எண்ணெய்களுக்கு அந்த இடம் 300 பாரை ஒட்டித்தான் வரும்.

வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கே போடலாம். 1988-இல் டெல் வாலேயும் அகிலேராவும் பல தாவர எண்ணெய்களைச் சேர்த்து ஒரே கோவையாகக் கொடுத்தார்கள்:

மட(கரைதிறன்) = 40.361 − 18708/வெ + 2186840/வெ² + 10.724 × மட(அடர்த்தி)

மட என்பது இயல் மடக்கை. வெ என்பது கெல்வினில் வெப்பநிலை. அடர்த்தி மில்லிலிட்டருக்குக் கிராமில், கரைதிறன் லிட்டருக்குக் கிராமில்.

300 பாரில் சி.ஓ.2-இன் அடர்த்தி 40 டிகிரியில் 0.910, 60 டிகிரியில் 0.830. போட்டுப் பாருங்கள். எனக்கு முதலாவது 6.75, இரண்டாவது 6.76 வருகிறது. உங்கள் வழிகாட்டியிடம் இதைக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள்.

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 14, இரவு 9.51

அக்கா! ராத்திரியே எக்செலில் போட்டுப் பார்த்துவிட்டேன். அச்சு அசலாக வருகிறது. ஆனால் என் எண்கள் அதோடு ஒட்டவில்லையே. 200 பாரில் அந்தக் கோவை 2.9, 1.6 என்கிறது, என்னுடையது 3.3, 2.4. 400 பாரில் 11.4, 14.3 என்கிறது, என்னுடையது 7.2, 8.2. கீழே அதிகம், மேலே குறைவு.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 14, இரவு 10.17

கே ஏன் 6 ஆனது என்ற கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். கிராஸ்டில் 1982-இல் சொன்னது, கரைதிறன் அடர்த்தியின் கே-ஆவது அடுக்காக ஏறும் என்பது. ஒரு கரைபொருள் மூலக்கூறைச் சுற்றிச் சராசரியாகக் கே எண்ணிக்கையில் சி.ஓ.2 கூடி நிற்கிறது என்று அவர் அதற்கு அர்த்தம் கொடுத்தார். அந்தப் படத்தை ரொம்ப நம்ப வேண்டாம், பொருத்தும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கே என்பது மடக்கைக் கிராஃபின் சாய்வு. கீழ்முனை தூக்கி, மேல்முனை அமுங்கினால் சாய்வு படுத்துவிடும். ஆக இரண்டு முனையிலும் தனித்தனி நோய்.

மேல்முனையை முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 10 கிராம் சி.ஓ.2. 400 பார், 60 டிகிரியில் அடர்த்தி 0.89. அதாவது நிமிடத்துக்கு 11.2 மில்லி. லிட்டருக்கு 14.3 கிராம் கரையும் என்றால் நிமிடத்துக்கு 160 மில்லிகிராம் எண்ணெய். நீங்கள் குப்பியை மாற்றுவது அரை மணிக்கு ஒருமுறை. முப்பது நிமிடத்தில் 4.8 கிராம்! பாத்திரத்தில் இருப்பதே 20 கிராம் விதை. அதில் மொத்த எண்ணெய் எவ்வளவு?

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 14, இரவு 10.20

35 சதவீதம். 7 கிராம்... ஐயோ.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 14, இரவு 10.31

ஐயோவேதான். அரைத்தபோது உடைந்த செல்களின் எண்ணெய்தான் சும்மா வெளியே கிடக்கும், அது மட்டும்தான் கரைதிறன் வேகத்தில் வரும். உடையாத செல்லுக்குள் இருப்பது ஊர்ந்துதான் வரும், அதன் வேகத்தை முடிவு செய்வது ஊடுபரவல். சோவோவா 1994-இல் உடைந்த செல், உடையாத செல் என்று பிரித்து எழுதிய மாடல் இதற்குத்தான். உங்கள் முதல் குப்பி நிறைவதற்குள்ளேயே கிராஃப் வளைந்துவிட்டது. வளைந்த கோட்டின் மேல் ஸ்கேல் வைத்துச் சாய்வு எடுத்திருக்கிறீர்கள். 200 பாரில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே அரை மணிக்கு ஒரு கிராம்தான் வரும்.

மருந்து: ஓட்டத்தைக் குறையுங்கள், 5 நிமிடத்துக்கு ஒரு குப்பி, விதையோடு கண்ணாடி மணி கலந்து அடையுங்கள். ஒரே நிலையில் ஓட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். லிட்டருக்கு வரும் எண்ணெய் மாறாமல் நின்றால் சி.ஓ.2 நிறைவுற்று வெளியே வருகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் யார் கரைதிறன் என்று எழுதினாலும் நான் நம்பமாட்டேன்.

---

பைத்தான்பையன் | மே 15, காலை 8.05

இவ்வளவு சிரமம் எதற்கு? அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் உள்ளே கொடுத்து ஒரு நியூரல் நெட்வொர்க் போட்டால் முடிந்தது. நான் வேறு ஒரு தரவில் போட்டு ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.999 எடுத்தேன்.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 15, காலை 8.40

எத்தனை புள்ளியில்? இவரிடம் இருப்பது ஆறு. கிராஸ்டிலில் பொருத்த வேண்டியது மூன்று எண்: அடர்த்தியின் அடுக்கான கே, வெப்பநிலையோடு வரும் ஏ, தனியாக நிற்கும் பி. அதற்கே ஆறு புள்ளி இழுத்துப் பிடித்துத்தான் போதும். நெட்வொர்க்கில் பத்து நியூரான் வைத்தாலே எத்தனை எடைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு புள்ளிக்கு அது மனப்பாடம், மாடல் இல்லை. நேற்றுவரை இருந்த தப்பான தரவைக் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு 0.999 வந்திருக்கும். கே 6 என்று வந்ததால்தான் தப்பே கண்ணில் பட்டது.

---

பைத்தான்பையன் | மே 15, காலை 8.52

சரி, அந்த அடி வாங்கிக்கொள்கிறேன். அப்படியென்றால் பெங்–ராபின்சன் நிலைச் சமன்பாடு? அது முறையான வெப்ப இயக்கவியலாச்சே.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 15, காலை 9.30

முறையானதுதான். ஆனால் அதற்கு எண்ணெயின் நிலைமாறு வெப்பநிலையும் அழுத்தமும் வேண்டும். டிரைகிளிசரைடைச் சூடாக்கினால் அந்த இடத்துக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே சிதைந்துவிடும், யாராலும் அளக்க முடியாது. மூலக்கூறைத் துண்டு துண்டாகக் கூட்டி மதிப்பிட வேண்டியதுதான். போதாக்குறைக்கு கருஞ்சீரக எண்ணெய் ஒரே பொருள் இல்லை, லினோலியிக், ஒலியிக் என்று கலவை. மதிப்பீட்டின் மேல் மதிப்பீடு வைத்துக் கடைசியில் இடைவினைக் குணகத்தைத் திருகித் திருகித் தரவோடு ஒட்ட வைப்பார்கள். தூய திடப்பொருளுக்கு அது அழகாக இருக்கும். விதைச் சாற்றுக்கு நான் அடர்த்திச் சமன்பாட்டோடு நின்றுகொள்வேன்.

ஆனால் அடர்த்தியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். சி.ஓ.2-க்கு 1996-இல் ஸ்பான், வாக்னர் கொடுத்த சமன்பாடுதான் எல்லோரும் பின்பற்றுவது, அமெரிக்கத் தர நிறுவனத்தின் இணைய அட்டவணையில் இலவசமாகவே கிடைக்கும். அடர்த்தியில் 3 சதவீதம் பிசகினால் கரைதிறனில் எவ்வளவு பிசகும் தெரியுமா? 1.03-ஐ 10.724-ஆவது அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். 37 சதவீதம்.

---

செக்குக்காரர் | மே 15, பகல் 12.15

பழைய வண்ணாரப்பேட்டையில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, இருந்தாலும் நேற்றிலிருந்து படிக்கிறேன். ஒரே கேள்வி. ஒரு கிலோ கருஞ்சீரக எண்ணெய் எடுக்க அந்த வாயு எத்தனை கிலோ ஆகும்?

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 15, பகல் 12.40

அண்ணாச்சி, 300 பார், 40 டிகிரியில் அந்தக் கோவைப்படி ஒரு கிலோ சி.ஓ.2-இல் 7.4 கிராம் கரையும். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 135 கிலோ. 30 கிலோ சிலிண்டர் நாலரை.

---

செக்குக்காரர் | மே 15, பகல் 12.44

நாலரை சிலிண்டரா! செக்கு மாடு சிரிக்கும், தம்பி.

---

பழைய பாய்லர் | மே 15, பகல் 1.10

அண்ணாச்சி, லேபில்தான் அப்படி வானத்தில் விடுவார்கள். ஆலையில் ஒரு சொட்டு விடமாட்டார்கள். அழுத்தத்தை 50, 60 பாருக்கு இறக்கினால் எண்ணெய் தானே கீழே விழும். வாயுவைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்கிப் பம்புக்கே அனுப்புவார்கள். அதே 135 கிலோ என்பது பத்து கிலோ பதின்மூன்று சுற்று சுற்றுவது மாதிரி. செலவு வாயுவில் இல்லை, அந்த 300 பார் தாங்கும் இரும்பில்.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 15, இரவு 8.55

இப்போது கீழ்முனை. தம்பி, 200 பாரில் முதல் குப்பியைத் திறந்தபோது எப்படி இருந்தது? வாசனை, நிறம்?

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 15, இரவு 9.14

வாசனை மூக்கில் ஏறியது, பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விட்டார். அடர் மஞ்சள். அடியில் பால் மாதிரி ஒரு வெள்ளை மங்கல். மூன்றாம் குப்பியில் அந்த வாசனையே இல்லை.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 15, இரவு 9.38

வாசனை தைமோகுயினோனும் அதன் கூட்டாளிகளும், அதாவது ஆவியாகும் எண்ணெய். விதையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 20 கிராமில் 0.2 கிராம். ஆனால் 200 பாரில் அரை மணிக்கு வருவதே ஒரு கிராம் என்றால், அந்த 0.2 ஐந்தில் ஒரு பங்கு! அந்த வெள்ளை மங்கல் தண்ணீர். நம் கடற்கரைக் காற்றில் அரைத்து வைத்த விதை ஈரம் குடிக்காமல் இருக்குமா? எண்ணெய் அதிகம் வராத நிலையில் இந்த இரண்டும் சேர்ந்து எடையைத் தூக்கிவிடும். 60 டிகிரி, 200 பாரில் உங்கள் எண் ஒன்றரை மடங்கு போனது இதனால்தான்.

---

பழைய பாய்லர் | மே 15, இரவு 10.02

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் முன்னால் நின்ற பைக்குகள் பறக்குமே, அதை வைத்து லாரியின் வேகத்தைக் கணக்குப் போட்ட கதை.

---

காசிமேடு கெமிஸ்ட் | மே 15, இரவு 10.11

அண்ணே, இதை வகுப்பில் சொல்லப் போகிறேன் :)

பைக்குகளை முதலில் அனுப்பிவிடுங்கள், தம்பி. 100 பார், 50 டிகிரியில் அடர்த்தி 0.4-க்கும் கீழே. அங்கே கொழுப்பெண்ணெய் கிட்டத்தட்ட அசையாது, வாசனைப் பொருள் மட்டும் கிளம்பிவிடும். அதைத் தனிக் குப்பியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். அதற்குப் பிறகு அழுத்தத்தை ஏற்றி அளந்தால் வருவது எண்ணெயின் கரைதிறன். டெல் வாலே கோவையை அந்த 100 பாருக்கு நீட்ட வேண்டாம், அது 150 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலேதான் செல்லும்.

இன்னொன்று, ஊசி வால்வு. அழுத்தம் இறங்குகிற இடத்தில் குளிர்ந்து உலர்பனி அடைக்கும், எண்ணெயும் அந்தக் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஹெக்சேன் விட்டுக் கழுவி அந்த எடையையும் சேர்க்கிறீர்களா?

---

கொருக்குப்பேட்டை லேப் | மே 15, இரவு 10.19

கடைசியில் ஒருமுறைதான் கழுவினேன், அக்கா. திட்டாதீர்கள்.

---

மட்டுறுத்துநர் | மே 16, காலை 7.30

இழை நன்றாகப் போகிறது, மேலே பொருத்தி வைக்கிறேன். கருஞ்சீரக எண்ணெய் எந்த நோய்க்கு நல்லது என்று வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது.

---

கொருக்குப்பேட்டை லேப் | ஜூன் 19, மாலை 6.48

ஒரு மாதம் ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். சிலிண்டரை ஏ.சி. அறைக்குள் கொண்டுவர அனுமதிக் கடிதத்துக்கே எட்டு நாள். தராசு வைத்துப் பார்த்ததில் பாய்லர் ஐயா சொன்னதுதான், திரையில் 10, உண்மையில் 8.7. (உள்ளே வந்தபிறகு 9.9.)

விதையை உலர்த்தி, 100 பாரில் வாசனையை இறக்கி, ஐந்து நிமிடக் குப்பி, ஒவ்வொன்றுக்கும் ஹெக்சேன். 400 பார், 60 டிகிரியில் ஓட்டத்தை மாற்றிப் பார்த்தது: 5 கிராமில் 11.4, 2.5 கிராமில் 13.0, 1.5 கிராமில் 13.1. 2.5-இலேயே நிற்கிறது, அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன்.

200, 300, 400 பாரில் வரிசையாக:
40 டிகிரி: 2.7, 6.4, 10.6
60 டிகிரி: 1.6, 6.5, 13.0

300 பாரில் இப்போதும் ஒன்றாகத்தான் இருக்கிறது! கே 10-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பி மட்டும் ஒரு கட்டுரையோடு ஒப்பிட்டால் 70-க்கும் மேல் வித்தியாசம். ஏ சரியாக இருக்கிறது. தலை சுற்றுகிறது.

---

காசிமேடு கெமிஸ்ட் | ஜூன் 19, இரவு 7.25

அவர்கள் அடர்த்தியை கன மீட்டருக்குக் கிலோகிராமில் போட்டிருப்பார்கள், நீங்கள் மில்லிலிட்டருக்குக் கிராமில். ஆயிரம் மடங்கு. 1000-இன் இயல் மடக்கை 6.908, அதைக் கே-ஆல் பெருக்குங்கள். உங்கள் 70 அங்கேதான் இருக்கிறது. கே, ஏ இரண்டும் அசையாது, பி மட்டும் நகரும். நானும் இதில் இரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

---

கொருக்குப்பேட்டை லேப் | ஜூன் 19, இரவு 7.41

அதேதான் அக்கா, கடைசி இலக்கம் வரை. வழிகாட்டியிடம் காட்டினேன். "நான் அப்போதே சொன்னேன், திரும்பச் செய் என்று" என்றார். டீ நான்தான் வாங்கினேன்.

---

செக்குக்காரர் | ஜூன் 20, காலை 6.10

தம்பி, எண்ணெய் எடுத்த சக்கை மிச்சம் இருக்கிறதா? செக்குப் பிண்ணாக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

---

கொருக்குப்பேட்டை லேப் | ஜூன் 20, காலை 9.02

இருக்கிறது அண்ணாச்சி. பிண்ணாக்கு மாதிரி கட்டியாக இருக்காது, சாம்பல் நிற மாவு. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, வாசனையும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கொண்டுவருகிறேன், கேட் போடாமல் இருந்தால் ஆறு மணிக்குள்.